ரிப்போர்ட் நார்மல் என்றான பிறகு: பொதுமருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஊர்களிலும் நகரத் தெருக்களிலும் கிளினிக் நடத்தும் பொதுமருத்துவர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ அலுவலர்களுக்கும்,

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி கட்டைப்பையோடு உங்கள் முன்னால் வந்து உட்காருகிறார். ஆண்களும் வருகிறார்கள், ஆனால் பெண்களே அதிகம். பைக்குள் கழுத்து எம்.ஆர்.ஐ., வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, எக்கோ, தைராய்டு ரிப்போர்ட், இரண்டு மாஸ்டர் ஹெல்த் செக்கப் புத்தகங்கள். உடம்பெல்லாம் குடைச்சல், காலையில் எழும்போதே அசதி, நாலு வாய் சாப்பிட்டால் வயிறு உப்புசம், எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, படபடப்பு, ராத்திரியில் தூக்கமில்லை, சொல்ல வந்தது மறந்துபோகிறது என்கிறார். எலும்பு மருத்துவர் கழுத்துத் தேய்மானம் என்றிருக்கிறார். வயிற்று மருத்துவர் கேஸ் டிரபிள் என்றிருக்கிறார். இதய மருத்துவர், இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். ஆளுக்கு இரண்டு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்த்ததில்லை. நீங்கள் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, “எல்லாம் நார்மலாத்தான்மா இருக்கு, பயப்படாதீங்க” என்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். இந்த மடல் அதற்கு அடுத்த நிமிடத்தைப் பற்றியது. சோதனை முடிவுகள் சரியாக இருப்பதால் மருத்துவரின் வேலை முடிந்துவிடுவதில்லை. இந்த நோயாளிக்கு வேண்டிய மருத்துவம் அங்கேதான் தொடங்குகிறது, அதைச் செய்யக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள் மட்டுமே என்பது என் வாதம்.

அபூர்வமான நோயாளி ஒருவரைப் பற்றி நான் பேசவில்லை. 1989இல் அமெரிக்காவில் குரோங்க்கி, மாங்கல்ஸ்டார்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1000 புறநோயாளிகளின் மூன்றாண்டு மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுவலி, அசதி, கிறுகிறுப்பு, தலைவலி, முதுகுவலி, தூக்கமின்மை என்று 14 சாதாரணத் தொல்லைகளைத் தேர்ந்துகொண்டார்கள். அவற்றுக்கு உறுப்பு சார்ந்த காரணம் கண்டுபிடிக்கப்பட்டது 16 விழுக்காட்டில்தான். மருத்துவக் கல்லூரிப் பாடமோ பெரும்பாலும் அந்தப் பதினாறைப் பற்றியது. நடுவயதைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 2012இல் ஸ்காட்லாந்தில் சுமார் 17.5 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்களோடு வாழ்கிறவர்களில் 65 வயதுக்குக் குறைந்தவர்களே எண்ணிக்கையில் அதிகம் என்று தெரிந்தது. ஏழைப் பகுதிகளில் இந்த நிலை வசதியான பகுதிகளைவிட 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. பெயருள்ள நோய்களே இப்படி நடுவயதில் குவிகின்றன என்றால், பெயர் வைக்கப்படாத தொல்லைகளும் அதே வயதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதில் வியப்பில்லை. மாதவிடாய் தாறுமாறாகும் காலமும், பிள்ளையின் பொதுத்தேர்வும், மாமியாரின் படுக்கையும், குழுக்கடன் தவணையும் ஒரே பெண்ணின் தலையில் வந்து சேரும் வயது அது.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசுவோம். ரிப்போர்ட்டில் தெரியாத வலி பொய்வலி என்ற எண்ணம் இன்னும் பலருக்குள் இருக்கிறது, அதை ஆய்வுகள் எப்போதோ தள்ளிவைத்துவிட்டன. 2002இல் கிரேஸ்லி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், உடம்பெங்கும் நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களின் இடது கட்டைவிரல் நகத்தை அழுத்தியபடி மூளையைப் படமெடுத்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு வலிப்பதற்குத் தேவைப்பட்ட அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியிலேயே இவர்களுக்கு அதே அளவு வலித்தது, மூளையில் வலியோடு தொடர்புடைய அதே பகுதிகள் கிளர்ந்தன. அவர்கள் மிகைப்படுத்தவில்லை, அவர்களுடைய நரம்பு மண்டலம்தான் மிகைப்படுத்தியது. திசு காயப்பட்டதால் வரும் வலி, நரம்பு சேதத்தால் வரும் வலி என்ற பழைய இரண்டு வகைகளோடு, வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2017இல் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது. வலியைக் கையாளும் அமைப்பே மாறிப்போவதால் வரும் இந்த வலிக்கு நோசிபிளாஸ்டிக் வலி என்று பெயர். 2022 முதல் நடப்பிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலிலும், வேறொரு நோயின் அறிகுறியாக அல்லாமல் தன்னளவிலேயே ஒரு நோயாக நாள்பட்ட வலிக்கு இடம் தந்திருக்கிறார்கள். குடல் எரிச்சல், ஒற்றைத் தலைவலி, தாடை வலி, சிறுநீர்ப்பை வலி, அசதி ஆகியவை ஒருவரிடமே கூடிவருவதை 1999இல் வெஸ்லி குழுவினர் லான்செட் இதழில் சுட்டிக்காட்டி, இவை பல நோய்களா, ஒன்றின் பல முகங்களா என்று கேட்டார்கள். அந்தப் பெண் நான்கு மருத்துவரிடம் சொன்ன நான்கு கதைகள் ஒரே கதையாக இருக்கலாம். அதை முழுதாகக் கேட்க ஒருவர் வேண்டும்.

முழுதாகக் கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. ‘காரணம் தெரியாதவை’ என்ற மூட்டைக்குள் காரணம் தேடப்படாதவையும் கணிசமாகக் கிடக்கின்றன. நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு பி12 குறையும். வயிற்றெரிச்சலுக்கு என்று தொடங்கிய பான்டோப்ரசோல் நிறுத்தப்படாமலே ஓடினாலும் குறையும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவரின் கால் மரத்துப்போவதற்கு கழுத்து எம்.ஆர்.ஐ.யில் விடை கிடைக்காது. ஹீமோகுளோபின் 12 என்று பார்த்ததும் ரத்தசோகை இல்லை என்று நிறுத்திவிடுகிறோம். மாதவிடாய் அதிகமாகப் போகும் வயதில் இரும்புச் சேமிப்பு வற்றியிருப்பது ஃபெரிட்டின் பார்த்தால்தான் தெரியும். கொழுப்புக்கான மாத்திரை தொடங்கிய மாதத்தையும் தசைவலி தொடங்கிய மாதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கண்ணிலும் வாயிலும் வறட்சி இருக்கிறதா என்ற ஒரு கேள்வி, ஷோக்ரன் நோயைப் பல ஆண்டுகள் முன்னதாகக் காட்டிக்கொடுக்கக்கூடும். எழுந்து நின்றால் படபடக்கிறது என்பவரைப் பத்து நிமிடம் படுக்கவைத்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, பிறகு பத்து நிமிடம் நிற்கவைத்து மறுபடி பாருங்கள். அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் 30 துடிப்புக்கு மேல் ஏறி நிலைத்தால், அது பாட்ஸ் என்ற கோளாறாக இருக்கலாம். இதற்கு ஆகும் செலவு இருபது நிமிடமும் ஒரு கடிகாரமும்தான். அதுவரை அவருக்குப் பதற்ற மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்போம். எந்தக் காய்ச்சலுக்குப் பிறகு இது தொடங்கியது என்பதையும் கேளுங்கள். 2006இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா என்று சந்தேகிக்கப்பட்டது, தமிழ்நாடும் அதில் அடிபட்டது. அந்தக் காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கும். கொரோனாவுக்குப் பிந்தைய அசதிக்கும் மூளை மந்தத்துக்கும் உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே வரையறை தந்துவிட்டது. இவை எதற்கும் சிறப்பு மருத்துவர் தேவையில்லை. நோயாளியின் வரலாற்றையும் மாத்திரைகளையும் மொத்தமாகப் பார்க்கும் ஒரு பொதுமருத்துவர் போதும்.

“ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் அவங்களுக்கே நிம்மதியாக இருக்கும்” என்று சொல்வீர்கள். நல்ல நியாயம்போலத் தோன்றும் இந்தக் கருத்து சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பெரிய நோய் இருக்க வாய்ப்புக் குறைவான நோயாளிகளுக்குச் சோதனை செய்வதால் கவலை தணிகிறதா என்று கேட்ட 14 ஆய்வுகளை ரோல்ஃப், பர்ட்டன் ஆகியோர் 2013இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சுமார் 3800 நோயாளிகள். சோதனை செய்ததால் நோய் பற்றிய கவலையும் குறையவில்லை, தொல்லையும் நீடித்தது. யோசித்துப் பார்த்தால் இதில் புதிரே இல்லை. வலி இருக்கிறது, ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை என்றால், இன்னும் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அதே பர்ட்டன் இங்கிலாந்தில் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2024இல் லான்செட்டில் வந்தது. பல தொல்லைகளோடு நெடுநாள் அவதிப்படும் 354 பேரில் ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற பொதுமருத்துவர்களோடு நான்கு சந்திப்புகள் வரை கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தச் சந்திப்புகளில் மருத்துவர் செய்தவை எளியவை: தொல்லை உண்மையானது என்று ஏற்றுக்கொள்வது, உடம்பில் என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியும்படி விளக்குவது, சேர்ந்து ஒரு வழியைத் தேர்ந்து முயன்று பார்ப்பது, அதில் கற்றதை அடுத்த முறைக்கு எடுத்துச் செல்வது. ஓராண்டு கழித்து மற்றவர்களைவிட அவர்களுடைய தொல்லை குறைந்திருந்தது. குறைந்த அளவு பெரிதல்ல. ஆனால் எத்தனை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் கிடைக்காத பலன் அது. விளக்கமும் ஒரு மருந்து என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக இல்லை. “உங்க வலி நிஜம். எலும்பில் சேதமில்லை, ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்தமாதிரி உங்க நரம்புகள் வலியைக் கூட்டிச் சொல்லுது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாம்” என்று நோயாளியிடம் சொல்ல அரை நிமிடம் ஆகும்.

இனி, உங்களில் பலர் மனதுக்குள் வைத்திருந்து வெளியே சொல்லத் தயங்கும் மறுப்புக்கு வருகிறேன்: இதெல்லாம் மனசுதானே? இதற்குக் கோவாவில் கிடைத்த விடையைவிட நேரான விடை எனக்குத் தெரிந்து இல்லை. விக்ரம் பட்டேலும் சகாக்களும் 18 முதல் 50 வயதுவரையான சுமார் 2500 பெண்களை ஆராய்ந்து 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த அசதி 12 விழுக்காட்டினருக்கு இருந்தது. ரத்தசோகை அந்தப் பெண்களிடையே பரவலாக இருந்தும், அசதிக்கும் ஹீமோகுளோபின் அளவுக்கும் தொடர்பே தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது மனச்சோர்வோடும் பதற்றத்தோடும்தான் என்று இதுவரை படித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. தொடர்ந்து படிக்க வேண்டும். குடும்பத்தின் கடன், கடந்த மூன்று மாதத்தில் பட்ட பசி, கணவனின் பாலியல் வன்முறை, தன் முடிவைத் தானே எடுக்க முடியாமை, வீட்டில் கைகொடுக்க ஆளில்லாமை ஆகியவற்றோடும் அசதி சேர்ந்தே இருந்தது. பசியையும் கடனையும் அடியையும் ‘மனசு’ என்ற சொல்லில் போட்டு மூடுவது மருத்துவம் ஆகாது. மனச்சோர்வு இருந்தால் மருத்துவம் செய்யத்தான் வேண்டும். பட்டேல் குழுவினரே பின்னர் கோவாவில், மருத்துவப் பட்டம் இல்லாத ஆலோசகர்களைப் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். ஆனால் மனச்சோர்வைக் கண்டதும் குடைச்சலையும் உப்புசத்தையும் விசாரிப்பதை நிறுத்திவிடக் கூடாது. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடுகூட 2013இல், உடல் காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதையே மனநோய்க்கான நிபந்தனையாக வைத்திருந்த பழைய வழியைக் கைவிட்டது. இல்லாத ஒன்றைக் கொண்டு ஒரு நோயைத் தீர்மானிக்க முடியாது என்று அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். குடல்புண் டென்ஷனால் வருகிறது என்று எத்தனை தலைமுறை நோயாளிகளுக்குச் சொல்லப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் வாரன், மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் அதற்குக் காரணமாக வயிற்றில் ஒரு கிருமியைக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு வந்தது. இன்று அதே நோயாளிக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறீர்கள்.

ஏதாவது பெரிய நோயைத் தவறவிட்டுவிட்டால் என்ன ஆவது, வழக்கு வந்தால் யார் நிற்பது? இந்த அச்சம் நியாயமானது, இதை நான் லேசாகச் சொல்லமாட்டேன். ஆனால் தவறவிடுவது எங்கே நடக்கிறது என்று பாருங்கள். காரணம் காட்ட முடியாத கைகால் செயலிழப்பு, வலிப்பு போன்றவற்றில் எத்தனை பிற்பாடு வேறு நோயாக மாறின என்று ஸ்டோன் குழுவினர் 2005இல் பழைய ஆய்வுகளைத் திரட்டினார்கள். 1950களின் ஆய்வுகளில் 29 விழுக்காடு. 1970களுக்குப் பிறகு 4 விழுக்காடு. அந்த நால்வர் முக்கியமானவர்கள்தான். அவர்களைக் கண்டுபிடிக்கும் வழி, ஒரே எம்.ஆர்.ஐ.யைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் இல்லை. எடை தானாகக் குறைவது, மலத்தில் ரத்தம், ராத்திரிக் காய்ச்சல், புதிதாக வந்த தசை பலவீனம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் கேட்டு, போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. ஒப்பிட வேண்டுமென்றால் அதே மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். “நார்மல்” என்று சொல்லி அனுப்பப்பட்டவர் உங்களிடம் திரும்பி வருவதில்லை. அடுத்த தெரு கிளினிக்கில் புதிதாகத் தொடங்குகிறார். தவறவிடுவது அந்த இடைவெளியில்தான்.

நோயாளிகள்தான் ஊசி கேட்கிறார்கள், குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறார்கள், ஸ்கேன் எழுதினால்தான் நல்ல டாக்டர் என்கிறார்கள் என்பது அடுத்த மனக்குறை. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லிவர்பூலில் சால்மன், டவுரிக் ஆகியோரின் குழு இப்படிப்பட்ட சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, சோதனையையும் மருந்தையும் முன்மொழிந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களே. நோயாளிகள் தங்கள் வாழ்க்கைக் கஷ்டங்களைப் பற்றி நூல்விட்டுப் பார்த்தார்கள். அந்த நூலை மருத்துவர்கள் பிடித்துக்கொள்ளவில்லை. அது இங்கிலாந்து, நம் ஊர் வேறு என்று நீங்கள் சொல்லலாம். இங்கே ஒரு வாரம் உங்கள் அறையிலேயே யார் முதலில் ஸ்கேன் என்ற பேச்சை எடுக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

நேரம் பற்றிய மறுப்புதான் உண்மையிலேயே கனமானது. 2017இல் 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, உலக மக்கள்தொகையில் பாதியைக் கொண்ட 18 நாடுகளில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது 5 நிமிடம் அல்லது அதற்கும் குறைவு என்றது. வங்கதேசத்தில் 48 நொடி. காலை ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை உங்கள் குற்றம் என்று சொல்வது அநியாயம். ஆள் போதாது என்பது அரசு தீர்க்க வேண்டிய பிரச்சினை. ஆனாலும் கணக்கை ஒருமுறை வேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். இந்த நோயாளி ஆண்டு முழுக்க, தீராத அதே தொல்லையோடு, மாதம் ஒருமுறை வந்து மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த நிமிடங்களை நான்கு சந்திப்புகளாகக் கோத்து, கூட்டம் குறைந்த ஒரு பிற்பகலில் வரச்சொன்னால் செலவாகும் மொத்த நேரம் கூடிவிடாது. முதல் நாளில் கேட்பது மட்டும் போதும். இரண்டாம் நாளில் மாத்திரைகளை எல்லாம் மேசையில் கொட்டி எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கலாம். தனியார் கிளினிக்காக இருந்தால் அந்த நேரத்துக்குக் கட்டணம் கேளுங்கள். ஆயிரக்கணக்கில் ஸ்கேன் சென்டருக்குக் கொட்டியவர் உங்களுக்குத் தர மறுக்கமாட்டார்.

அந்த நான்கு சந்திப்பு இல்லாவிட்டால் நல்ல அறிவுரையும் கெடுதலாக முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. “தினமும் நடங்க, எல்லாம் சரியாயிடும்” என்பது நம் எல்லோரின் வாயிலும் வரும் அறிவுரை. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அது சரி. ஐரோப்பிய மூட்டு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2017இல் வெளியிட்ட பரிந்துரைகளில், தயக்கமின்றி வலுவாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். ஆனால் நாள்பட்ட அசதி நோய் உள்ளவர்களுக்கு, படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியை மருத்துவமாகத் தரக் கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் தன் பழைய வழிகாட்டுதலையே மாற்றியது. சிறு உழைப்புக்குக்கூட மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுத்த படுக்கையாகிவிடுவது அந்த நோயின் அடையாளம். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரி, “அசதியா இருக்கு டாக்டர்” என்றுதான் சொல்வார்கள். “வேலை செய்த அன்று எப்படி இருக்கிறது, மறுநாள் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால்தான் வித்தியாசம் புலப்படும். எந்த ஆய்வகமும் இதைக் கேட்டுச் சொல்லாது.

நம் மாநிலத்துக்கு இது கைக்கு எட்டாத காரியம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நாள்பட்ட நோயாளியைத் தேடிப் போய்த் தொடர வேண்டும் என்ற கொள்கையை ஓர் அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. நோய்க்குப் பெயர் கிடைத்தவருக்கு மட்டும் அந்தத் தொடர்ச்சி, பெயர் கிடைக்காதவருக்குக் கட்டைப்பை என்று இருப்பதுதான் மாற வேண்டும். தொடர்ச்சியின் பலனை நார்வே காட்டியிருக்கிறது. அங்கே 45 லட்சம் பேரின் பதிவுகளில், ஒரே பொதுமருத்துவரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்கள், ஓராண்டு மட்டும் இருந்தவர்களைவிட அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் இறப்பதும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மருத்துவரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களின் வாழ்க்கை நிலைமையும் இதில் ஒரு பங்கு வகித்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் இப்படி ஒரு பலனை ஏதாவது மாத்திரை காட்டியிருந்தால், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் இந்நேரம் உங்கள் வாசலில் வரிசையில் நின்றிருப்பார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எல்லா முடிவுகளும் சரியாக இருக்கிற, ஆனால் சரியாக இல்லாத அடுத்த நோயாளி உங்கள் அறையிலிருந்து எழும்போது, மருந்துச் சீட்டின் கீழே இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அவருக்கு என்ன நடக்கிறது என்று நீங்கள் நினைப்பது முதல் வரி. அவர் உங்களிடமே திரும்பி வரவேண்டிய தேதி இரண்டாவது.